செல்லில் பச்சை தெரிந்தது, வெஸ்டர்ன் பிளாட்டில் ஒன்றுமே இல்லை

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஐப்பசி பிறந்தால் யார் வீட்டிலாவது காய்ச்சல் இருக்கும். லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்காமல் எங்களுக்கு வேறு வழியில்லை, மூடாத டிரம்மில்தான் ஏடிஸ் கொசு முட்டை வைக்கிறது. அதனால் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு டெங்கு என்றதும் உடனே சரி என்றேன்.

வேலை இதுதான். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் வைரஸை ஏற்றி, உள்ளே அதன் புரதம் உருவாகியிருக்கிறதா என்று 4ஜி2 என்கிற எலி ஆன்டிபாடியை (குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டு ஒட்டும் மூலக்கூறு) வைத்துப் பார்க்க வேண்டும். வைரஸின் மேலுறையில் உள்ள ஈ புரதத்தோடு அது ஒட்டும். டெங்குவின் 4 வகைகளோடும் ஒட்டும், ஜிகாவோடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸோடும்கூட ஒட்டும், அதனால் இதை மட்டும் வைத்து டெங்குதான் என்று யாரும் எழுதிவிடாதீர்கள்.

செல்களை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் ஃபிக்ஸ் செய்து (இருந்த நிலையிலேயே நிலைநிறுத்தி), ஆன்டிபாடி உள்ளே போக டிரைட்டான் என்ற சோப்பு மாதிரிப் பொருளால் சவ்வைத் துளைத்து, 4ஜி2 ஊற்றி, கழுவி, அதன்மேல் பச்சையாக ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி. மைக்ராஸ்கோப்பில் நீல நியூக்ளியஸைச் சுற்றி அவ்வளவு அழகான பச்சை! வைரஸ் போடாத செல்களில் பச்சையே இல்லை. அன்றைக்கு அம்மாவுக்கு போட்டோ அனுப்பினேன்.

அப்புறம் அதே செல்களை வெஸ்டர்ன் பிளாட் செய்தேன், அதாவது செல்லின் புரதங்களை ஜெல்லில் அளவு வாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுத் தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவது. எல்லாச் செல்லிலும் இருக்கும் ஆக்டின் புரதம் பளிச்சென்று வந்தது, ஈ புரதம் வர வேண்டிய இடம் காலி. ஆன்டிபாடியைக் கூட்டினேன், சவ்வுக்கு மாற்றும் நேரத்தைக் கூட்டினேன், கரன்ட் போன அன்று ஃப்ரீசரில் கெட்டுப்போயிருக்குமோ என்று புது ஆன்டிபாடி குப்பி திறந்தேன். 3 வாரம் போனது. கடைசியில் சீனியர் அக்காதான் கேட்டார்: "சாம்பிள் பஃபர்ல மெர்காப்டோ போட்டியாம்மா?"

"ஆமாக்கா, எப்பவும் போடுறதுதானே."

"அது இல்லாம, கொதிக்க வைக்காம ஓட்டிப் பாரு."

மறுநாள் ஈ புரதத்தின் பட்டை வந்துவிட்டது. 4ஜி2 பார்ப்பது ஈ புரதத்தின் மடிப்பை. அந்த மடிப்பைக் கந்தகப் பிணைப்புகள்தான் கட்டி வைத்திருக்கின்றன, மெர்காப்டோ, அதாவது மெர்காப்டோஎத்தனால் என்ற ரசாயனம், அவற்றை அறுத்துவிடுகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்த செல்களில் அதைப் போடவில்லை, அதனால் அங்கே பச்சை தெரிந்தது. புரதம் அங்கேயேதான் இருந்திருக்கிறது, ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியவில்லை. ஆன்டிபாடி வாங்கும்போது எந்த வைரஸுக்கு என்று மட்டும் பார்க்காமல், எந்தச் சோதனையில், எந்த நிலையில் வேலை செய்யும் என்பதையும் அதோடு வரும் தகவல் தாளில் படித்துவிடுங்கள்.

மறுமொழி, வியாசர்பாடியிலிருந்து:

நான் கால்நடைப் பக்கம். இறந்த நாயின் மூளையைக் கண்ணாடியில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் ஃபிக்ஸ் செய்து, ரேபிஸ் (வெறிநாய்க்கடி) வைரஸின் மரபுப் பொருளைச் சுற்றியிருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கான ஆன்டிபாடியைப் போடுவோம். ஒளிரும் சாயம் அதிலேயே இணைந்திருக்கும், இரண்டாவது ஆன்டிபாடி தேவையில்லை. ரேபிஸ் இருந்தால் ஆப்பிள் பச்சையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஒருநாள் வந்த சாம்பிள் இருட்டாக இருந்தது. நெகட்டிவ் என்று எழுதப் போனேன், பாசிட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடை (ரேபிஸ் இருப்பது முன்பே தெரிந்தது) பார்த்தால் அதுவும் இருட்டு. யாரோ ஆன்டிபாடி குப்பியை வெளிச்சத்தில் விட்டிருக்கிறார்கள், சாயம் மங்கிவிட்டது. புது குப்பியில் திரும்பச் செய்தோம், பாசிட்டிவ். கடிபட்ட பையனுக்கு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே தடுப்பூசி ஆரம்பித்திருந்தார்கள் என்று கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.