'நடப்புச்சொல்லி': ஆரக்கிளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

பல கணினிகள் ஒரே கணக்கேட்டை ஒத்தபடி வைத்திருக்கும் அமைப்பு பிளாக்செயின். அதற்கு வெளியுலகத் தகவலைக் கொண்டுவந்து தருவது ஆரக்கிள் (oracle). இந்த ஆரக்கிளுக்குத் தமிழில் 'குறிசொல்லி', 'அசரீரி' என்ற இரண்டு சொற்களைப் பார்த்தேன். அழகான சொற்கள்தான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. குறிசொல்லி சொல்வது நாளை நடக்கப்போவதை. அசரீரியோ யார் குரலென்றே தெரியாதது. பிளாக்செயினுக்கு வேண்டியது இன்றைய நிலவரம், அதுவும் அனுப்பியவரின் கையொப்பத்தோடு.

காரைக்குடிக்காரனான எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நடப்பு வட்டி. ரங்கூனில் கடை வைத்திருந்த நகரத்தார் மாதம் ஒருமுறை கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். பேரேடு அவரவர் கடையில் இருக்கும், வட்டி விகிதம் கூடிப் பேசியது. ஆரக்கிளின் வேலையும் இதுதான். ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது பிளாக்செயினில் ஓடும் நிரல், தானே இணையத்தில் விலை பார்க்க முடியாது. ஒவ்வொரு கணினியும் வேறு வேறு நொடியில் பார்த்தால் விடை மாறும், ஏடுகள் ஒத்துப்போகாது. அதனால் வெளியே முடிவான எண்ணை ஏட்டில் ஏற்றுகிறோம்.

ஆகவே 'குறி'யை எடுத்துவிட்டு 'நடப்பு' போடுவோம்: நடப்புச்சொல்லி. இப்படித் தொடர்ந்து வந்துசேரும் எண்களை டேட்டா ஃபீடு என்பார்கள், அதற்குத் 'தரவு வரத்து'. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால், சந்தையில் மிளகாய்க்கும் வரத்து என்றுதானே சொல்கிறோம்.

சரி, நிரலில் இந்தச் சொற்கள் நிற்குமா? குண்டு மிளகாய் விலைக்கு ஒரு சின்ன வரத்து எழுதிப் பார்த்தேன். மூன்று நடப்புச்சொல்லிகள், விலை அனுப்ப அனுமதித்த மூன்று பிளாக்செயின் முகவரிகள். மூன்று விலையும் வந்ததும் கான்ட்ராக்ட் அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுக்கும். சராசரி எடுத்தால், ஒருவர் கைதவறி ஒரு சுழியம் கூடப் போட்டாலும் விலை எகிறிவிடும். கான்ட்ராக்ட் எழுதும் நிரல்மொழியான சாலிடிட்டியில் தசமப் புள்ளியோடு கணக்குப் போட முடியாது. அதனால் 185.50 ரூபாயை 10 கோடியால் பெருக்கி 18550000000 என்று சேமித்தேன். ஆரக்கிள் சேவை தரும் செயின்லிங்கின் டாலர் விலை வரத்துகளிலும் இந்த 8 தசம இட வழக்கம் உண்டு.

மூன்றாம் நாள் ஒரு நடப்புச்சொல்லி நின்றுவிட்டது. மூன்றும் சேராததால் புது விலை ஏறவில்லை. கான்ட்ராக்ட் முந்தைய நாள் விலையையே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தது. புதுப்பித்த நேரத்தைச் சரிபார்க்கும் வரியை எழுதாமல் விட்டிருந்தேன். அப்புறம் சேர்த்தேன்: கடைசியாகப் புதுப்பித்து 24 மணி நேரம் தாண்டியிருந்தால் விலை தராதே. இந்தச் சொல்லின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது அங்கேதான். பழைய எண் நடப்பு ஆகாது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இன்னொன்று பாக்கி. ஒவ்வொரு முறை விலை முடிவாவதையும் ரவுண்ட் என்கிறார்கள். 'சுற்று' போதுமா, 'தவணை' பொருந்துமா? தவணை என்றால் கடன் நினைவு வந்துவிடுமோ என்று தயங்குகிறேன். உங்கள் கருத்தை எழுதுங்கள்.