அன்று ராத்திரி இவள் சாப்பிட்டாளா?

மாத நாவல் எழுதத் தொடங்கியது 1993-ல். அப்போது கும்பகோணத்தில் இருந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் உட்கார்ந்தால் மதியம் வரை எழுதுவேன். காதல், கல்யாணம், குடும்பம், இவைதான் என் கதைகள். இத்தனை வருஷத்தில் ஏழெட்டு எடிட்டர்களுடன் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கு நான் பட்ட கடனைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சென்னையில் ஒரு மாத நாவல் பத்திரிகையின் பொறுப்பாசிரியர். நேரில் பார்த்தது இரண்டே தடவை. மற்றதெல்லாம் தபாலும் போனும்தான். எங்கள் வீட்டில் போன் கிடையாது. எதிர்வீட்டு மாமிக்குக் கூப்பிட்டு, "அவங்களை வரச் சொல்லுங்கம்மா, பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவார்.

என் நான்காவது நாவலில் நாயகன் ஏதோ சந்தேகத்தில் நாயகியை அறைந்துவிடுவான். அடுத்த அத்தியாயம் விடிகாலையில் தொடங்கும். அவள் குளித்து, கோலம் போட்டு, அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பாள். அவன் மனம் உருகும். அப்போது பலரும் இப்படித்தான் எழுதினோம். பிரதி திரும்பி வந்தபோது அந்த இரண்டு அத்தியாயங்களுக்கும் நடுவில், ஓரத்தில், பென்சிலால் ஒரே ஒரு வரி: 'அன்று ராத்திரி இவள் சாப்பிட்டாளா?'

எனக்குக் கோபம்தான் வந்தது. சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, கதைக்கு அது எதற்கு என்று அன்று முழுக்க முணுமுணுத்தேன். ஆனால் அடுப்படியில் நின்றால் அந்தக் கேள்வியும் வந்து நிற்கிறது. மூன்றாம் நாள் பேனாவை எடுத்தேன். விளக்கைப் போடாமல், சமையல் மேடை ஓரமாக நின்றபடியே, மிச்சம் இருந்த மோர் சாதத்தை அவள் சாப்பிடுகிறாள். கன்னம் வீங்கியிருப்பதால் ஒரு பக்கமாகத்தான் மெல்ல முடிகிறது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது, காலையில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்கிறாள். நான் யோசித்து வைத்திருந்த முடிவு அது இல்லை. அவளே போய்விட்டாள். அதன்பிறகு காபி காட்சி எப்படி நிற்கும்? பாதி நாவலைத் திரும்ப எழுதினேன். அவன் தேடிக்கொண்டு வர வேண்டியிருந்தது, வெளித்திண்ணையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

போனில் அவரிடம், "எப்படி சார் அந்தக் கேள்வி தோணிச்சு?" என்று கேட்டேன். "எங்க வீட்டுல சண்டை நடந்த அன்னிக்கெல்லாம் அம்மா சாப்பிட மாட்டாங்கம்மா. அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் வெட்டவும் செய்வார். 96 பக்க நாவல் என்றால் 16 பக்க ஃபாரம் ஆறு. ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கும் பக்கங்கள். கதை 99 பக்கம் போய்விட்டால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட முடியாது. ஆனால் எதை எடுப்பது என்பதை என்னையே கேட்பார். "மூணு பக்கம் எனக்கு வேணும்மா, நீங்களே பார்த்துக் குடுங்க." அட்டை விஷயம் வேறு மாதிரி. ஓவியருக்கு முன்கூட்டியே காட்சி சொல்லியாக வேண்டும். மூன்றாம் அத்தியாயம் தாண்டாத நாவலுக்கு 'மழை, ஒரே குடை' என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். படம் அவ்வளவு அழகாக வந்தது. அந்தக் குடைக்காகவே பிறகு ஒரு மழையைக் கதையில் கொண்டுவந்தேன்.

இப்படிப்பட்டவரிடம் பழகியதால்தான் இன்னொரு பத்திரிகையில் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கடைசியில் நாயகி கல்யாணத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். புத்தகத்தை பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் மணமேடையில் தாலி ஏறுகிறது. கெட்டிமேளம்கூட ஒலிக்கிறது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "வாசகிங்க சுபமா முடிஞ்சாத்தான் விரும்பறாங்க மேடம்" என்றார்கள். சன்மானம் மணியார்டரில் ஒழுங்காக வந்தது. அங்கே நான் மறுபடி எழுதவில்லை.

என் அம்மா, எழுத்தாளர் லக்ஷ்மியின் தீவிர வாசகி. அவர் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே ஆனந்த விகடனில் எழுதியதையும், அதன் அதிபர் எஸ்.எஸ்.வாசன் கொடுத்த ஆதரவில் படிப்புச் செலவைச் சமாளித்ததையும் அம்மா ஏதோ சொந்தக்காரர் கதை மாதிரி சொல்வாள். எழுத வருகிற பெண்ணுக்கு இப்படி ஒருவர் கிடைக்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே பதிந்துவிட்டது. எனக்கு ஒருவர் கிடைத்தார்.

இப்போது நானும் இணையத்தில்தான் அத்தியாயம் அத்தியாயமாகப் போடுகிறேன். வாசகிகள் அன்று ராத்திரியே பின்னூட்டத்தில் அன்பாகப் பேசுகிறார்கள், அடுத்த எபி (எபிசோட்) எப்போது என்று கேட்கிறார்கள். ஓரத்தில் பென்சில் கோடு மட்டும் இல்லை. புதிதாக எழுத வரும் பெண்கள் நாயகனே கொடுமைக்காரனாக வரும் ஆன்டி ஹீரோ கதைகளில் அறைவதையும் வற்புறுத்துவதையும் காதலாக எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இல்லையே என்று நிஜமாகவே வருத்தப்படுகிறேன். உங்களுக்கு அப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள்.

*

அக்கா, நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். எட்டு வருஷம் ஒரு மாத இதழில் உதவி ஆசிரியர். ஒரே பக்கம் எழுதிய ரூல் பேப்பர் கட்டுகள், நடுவில் பேர் மாறிப்போகும் நாயகிகள், எல்லாம் பார்த்திருக்கிறேன். உங்கள் பஸ் ஸ்டாண்ட் கதையைப் படித்ததும் சாப்பிடவே பிடிக்கவில்லை. நானும் ஒரு தடவை அதைச் செய்திருக்கிறேன். ஃபாரம் முடிக்கும் நாள், மணி இரவு ஒன்பது. இரண்டு பக்கம் அதிகம். எழுத்தாளர் வீட்டில் போன் இல்லை. கடைசி இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டேன். தன் பழைய காதலனுக்கு அந்தப் பெண் எழுதும் கடிதம் அதில்தான் இருந்தது. அவர் சண்டைகூடப் போடவில்லை. அப்புறம் எங்களுக்கு எதுவும் அனுப்பவில்லை, அவ்வளவுதான். கிழித்துப் போட மனசு வராமல் அந்த இரண்டு தாளையும் வைத்திருக்கிறேன். நீல மை, கொஞ்சம் மங்கிவிட்டது.

*

அந்தக் கதையை எழுதியவர் யார் என்று எனக்குத் தனியாகச் சொல்லும்மா. அந்த நாளில் எழுதியவர்கள் நாங்கள் பாதிப் பேர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். விலாசம் கிடைத்ததும் சொல்கிறேன். அந்தத் தாள்களை மடிக்காமல் அட்டை வைத்து அனுப்பு.