கைப்பேசிச் செயலியில் முதலிடம், கணக்குத் தேர்வில்? – மேல்மலை, கீழ்மலைப் பிள்ளைகளின் அனுபவங்கள்

கணக்கு டீச்சர், கொடைக்கானல் மேல்மலை

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். ஏதோ ஒரு செயலியின் கணக்கு வினாடி வினாவில் எப்போதும் முன்வரிசையில் இருப்பான். காலை இறைவணக்கம் முடிவதற்குள் அன்றைய தரவரிசையை என்னிடம் ஒப்பித்துவிடுவான். அரையாண்டுத் தேர்வில் கரைசேர்வதே அவனுக்குப் பெரும்பாடாகிவிட்டது. "ராத்திரியெல்லாம் கணக்குத்தானே போடுகிறான், தாளைச் சரியாகப் பார்த்தீர்களா டீச்சர்?" என்று அவன் அம்மா வந்து கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

விடைத்தாளை இருவருமாக விரித்து வைத்துப் பார்த்தோம். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாள் 100 மதிப்பெண். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்கள் அதில் 14. அவற்றில் ஒன்றைக்கூட அவன் விடவில்லை. மீதி 86 மதிப்பெண்ணுக்குப் பேனாவைப் பிடித்து எழுத வேண்டும், வரைய வேண்டும். வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று கடைசிப் பகுதியில் மட்டும் 16 இருக்கிறது. தொடுகோடு வரையப் போனவன் கவராயத்தின் முனையை ஊன்றத் தெரியாமல் தாளைக் கிழித்து வைத்திருந்தான். செயலி அவனிடம் கவராயம் கேட்டதே இல்லையே!

இருபடிச் சமன்பாட்டில் இன்னொரு வேடிக்கை. நான்கு விடைகளையும் ஒவ்வொன்றாகச் சமன்பாட்டில் பிரதியிட்டு, எது பொருந்துகிறது என்று நொடியில் சொல்லிவிடுவான். காரணிப்படுத்தச் சொன்னால் விழிப்பான். மூளை மந்தம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். இந்தக் குறுக்குவழியை அவனாகவேதான் கண்டுபிடித்திருக்கிறான். அதுவரை செயலிக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

பூண்டுக்காட்டுக்காரர், மன்னவனூர்ப் பக்கம்

வணக்கம் டீச்சர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். பகலில் அது என்னோடு காட்டுக்கு வந்துவிடும், இரவில்தான் பிள்ளைகள் கைக்குப் போகும்.

இளையவள் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே அழுதுவிடுவாள். கூகுளின் ரீட் அலாங் செயலியை அவளுடைய ஆசிரியை போட்டுக் கொடுத்தார். கதைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடுகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊரில் கரண்டே இருக்காது, சிக்னலை யார் கேட்பது? அவள் வாசிக்க வாசிக்க அது கேட்டுக்கொண்டே வருகிறது. தெரியாத சொல்லைத் தொட்டால் சொல்லிக்காட்டுகிறது. பக்கத்து பெஞ்சுக்காரி போலச் சிரிப்பதில்லை, அவளுக்கு அதுதான் பிடித்துவிட்டது. இப்போது போன் கையில் இல்லாத நேரத்திலும் உரமூட்டையில் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கிறாள். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள எச்சரிக்கையை எனக்கே படித்துக்காட்டி மிரட்டுகிறாள்.

மூத்தவன் கதை வேறு. பாடம் பார்க்கிறேன் என்று போனை வாங்குவான். எட்டிப் பார்த்தால் கிரிக்கெட் ஓடும்.

பி.எட். மாணவி, பண்ணைக்காடு

எனக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கிலம் பழக ஒரு செயலி வைத்திருந்தேன். ஒரு நாள்கூட விடாமல் படித்தால் தொடர் நாள் கணக்கு ஏறிக்கொண்டே போகும். வத்தலக்குண்டு பஸ்ஸில் சிக்னல் போவதற்குள், ஏற்கெனவே தெரிந்த பாடமாகப் பார்த்து ஒன்றை முடித்துக் கணக்கைக் காப்பாற்றிவிடுவேன். ஒரு பெருமழையில் அந்தத் தொடர் அறுந்தது. அதற்குப் பிறகு அந்தச் செயலியைத் திறக்க மனமே வரவில்லை. எனக்கு எது பிடித்திருந்தது, ஆங்கிலமா, எண்ணா?

கல்வி உளவியல் வகுப்பில் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது இது நினைவுக்கு வந்தது. வண்ணப் பேனாவில் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பாலர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. டீச்சர், உங்கள் மாணவனிடமிருந்து தரவரிசையை எடுத்துவிட்டால் கணக்குப் போடுவானா என்று கேட்டுப் பாருங்களேன்.

காப்பித்தோட்டத்து அண்ணன், தாண்டிக்குடி

எங்கள் காப்பிக் களத்தில் நான்கைந்து பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து மணற்கேணி பார்க்கிறார்கள். பள்ளிக்கல்வித் துறை 2023இல் கொண்டுவந்த செயலி அது. நம் பாடத்திட்டத்துக்கான காணொளிகள் இருக்கின்றன. படம் ஓடும் நேரத்தைவிட இவர்கள் நிறுத்திவைத்துச் சண்டை போடும் நேரம்தான் அதிகம். "அது ஏன் அப்படி வரும்?" என்று ஒருத்தி கேட்டால், பதில் வரும்வரை மற்றவர்களை விடமாட்டாள். அவர்களில் ஒருவன் வீட்டில் அதே பாடத்தைத் தனியாகப் பார்த்தால் பாதியில் தூங்கிவிடுகிறானாம்.

கணக்கு டீச்சர், மேல்மலை

தங்கை கேட்டதை அவனிடம் அப்படியே கேட்டேன். "வரிசை இல்லாவிட்டால் எதற்கு டீச்சர்?" என்றான். மறைக்கத் தெரியாத பிள்ளை.

அதற்காக வினாடி வினாவே வீண் என்று சொல்லமாட்டேன். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். ஆனால் அவர்கள் முன் நான்கு விடைகள் வைக்கப்படவில்லை, வெறும் தாள்தான் இருந்தது.

அதனால் அவனுக்கு வேலையை மாற்றிக் கொடுத்தேன். வகுப்புக்கான ஒரு மதிப்பெண் வினாக்களை இனி அவன்தான் தயாரிக்க வேண்டும், தவறான மூன்று விடைகளையும் சேர்த்து. நம்பும்படியான தவறான விடை வேண்டுமென்றால், மற்றவர்கள் எந்தப் படியில் குறியை மாற்றிப் போடுவார்கள் என்று தெரிய வேண்டும், அதற்குக் கணக்கை முழுதாகப் போட்டாக வேண்டும். முதல் நாள் மூன்று கேள்வி கொண்டுவந்தான். ஒன்றில் நானே ஏமாந்தேன். இப்போது காரணிப்படுத்தல் வந்துவிட்டது, வடிவியல் இன்னும் தகராறுதான்.

பூண்டுக்காட்டுக்காரர், மன்னவனூர்ப் பக்கம்

எங்கள் மூத்தவன் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, உங்களிடம்தான் வருகிறான். தவறான விடை எழுதும் வேலையை அவனுக்கும் கொடுங்கள். அந்தச் செயலியின் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்.