பெரிய வீடு 🏠 (குடும்ப வாட்ஸ்அப் குழு)

அம்மா: 14 சனி கீர்த்திக்கு ஜிஆர்இ, வெளிநாட்டு மேல்படிப்புக்கான பரீட்சை. கார்த்தி எழுதி வெச்ச வார்த்தை அட்டைப் பெட்டி யார்கிட்ட இருக்கு?

செல்வி அத்தை: பரண்ல

செல்வி அத்தை: எலி விட்டிருந்தா

அப்பா: அதே பரண்லதான் எங்க இட்லி குண்டானும் இருக்கு 😄

செல்வி அத்தை: அம்மா எனக்குக் குடுத்தது அது

மணி பெரியப்பா: கீர்த்திம்மா, பெட்டி கெடக்கட்டும். 'ஏ'ல ஆரம்பிச்சு உருப்போடாத. கார்த்தி எழுதுனது 2008. அப்ப எதிர்ச்சொல், அனாலஜின்னு வார்த்தை ஜோடிப் பொருத்தம் எல்லாம் உண்டு. 2011லயே தூக்கிட்டான். இப்ப வாக்கியத்துல ஒரு காலியிடம், கீழ ஆறு வார்த்தை. ரெண்டு எடுக்கணும். எதைப் போட்டாலும் வாக்கியத்துக்கு ஒரே பொருள் வரணும். ஒண்ணு தப்பினாலும் மார்க் கெடையாது. எனர்வேட்னு ஒரு வார்த்தை. எனர்ஜி மாதிரி கேக்கும், ஆனா தெம்பை உறிஞ்சுறதுக்குப் பேரு. சாங்ஷன் இருக்கே, அனுமதியும் அதான், தடையும் அதான். பேங்க்ல நான் பண்ணதும் சாங்ஷன், ரஷ்யா மேல போட்டதும் சாங்ஷன். அதனால வார்த்தைய வாக்கியத்தோட எழுது. அஞ்சு டப்பா வெச்சுக்க. தெரிஞ்ச அட்டை அடுத்த டப்பாவுக்கு, தப்பினது மறுபடி முதல் டப்பாவுக்கு. முதல் டப்பாவ தெனம் பாரு, கடைசிய எப்பவாச்சும். ஜெர்மன் பத்திரிகைக்காரர் லைட்னர் 1972ல சொன்ன வழி.

அப்பா: எங்க லோன மட்டும் சாங்ஷன் பண்ணல

மணி பெரியப்பா: ஜாமீன் இல்லாம எப்டிடா?

அம்மா: 🙏🙏 அது இப்ப எதுக்கு

நான்: பெரியப்பா ரொம்ப கரூலஸ்

மணி பெரியப்பா: நன்றிம்மா

கார்த்தி அண்ணா: 😂😂😂 அப்பா, லொடலொடன்னு பேசுறீங்கன்னு சொல்றா

கார்த்தி அண்ணா: செல்வி அத்தை லகோனிக்

செல்வி அத்தை: அப்டின்னா?

கார்த்தி அண்ணா: ஒத்த வார்த்தைல பேசுறது. அதேதான் அத்தை

செல்வி அத்தை: போடா

கார்த்தி அண்ணா: கீர்த்தி, அந்தப் பெட்டிய தேடாத. 'டி' வரைக்கும்தான் எழுதுனேன்

மணி பெரியப்பா: என்னது?

அம்மா: அண்ணி, 15 சமயபுரத்துல குட்டிக்கு மொட்டைன்னு சொன்னீங்களே, நேரம் முடிவாச்சா?

செல்வி அத்தை: காலைல. கீர்த்தி வரணும்

நான்: மெட்ராஸ்ல எக்ஸாம் அத்தை 😭

மணி பெரியப்பா: 2023 செப்டம்பர்லேர்ந்து பரீட்சையே ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். ராத்திரி ராக்போர்ட் ரயில்ல ஏறுனா விடியக்காலை திருச்சி

நான்: டிக்கெட்?

அப்பா: பாப்போம்

அம்மா: அப்ப வேனுக்கு அட்வான்ஸ் யாரு?

அப்பா: அண்ணே சாங்ஷன் பண்ணுவாரு