எக்ஸ்டார்ட்டிலேயே நின்ற நெய்பர்: ஐபிவி6 ரூட்டிங்கில் மாட்டிக்கொண்ட இடங்கள்

பைட்எண்ணி:
இரண்டு வெவ்வேறு தயாரிப்பு ரூட்டர், நடுவில் ஒரே ஃபைபர். கான்ஃபிகில் இரு பக்கமும் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 பைட். ரூட்டர்கள் தங்களுக்குள் ஐபிவி6 வழிகளைப் பகிரும் ஓஎஸ்பிஎஃப்வி3 புரோட்டோகாலின் ஹலோ போகிறது, வருகிறது, நெய்பரும் (எதிர்ப்பக்க ரூட்டர்) தெரிகிறது. ஆனால் டேட்டாபேஸ் பரிமாற்றம் தொடங்கும் நிலையான எக்ஸ்டார்ட்டை விட்டு நகரவில்லை. ஹலோ சின்னப் பாக்கெட், அதில் எம்டியு என்ற பேச்சே கிடையாது. டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில்தான் அந்த எண் போகும்; தன்னுடையதைவிடப் பெரியதாக வந்தால் வாங்குகிற பக்கம் தூக்கி எறிந்துவிடும். ஷோ கமாண்டில் ஐபிவி6 எம்டியு வரியைப் பார்த்தால் ஒன்றில் 9000, மற்றதில் 8986. அந்த 14 பைட் வித்தியாசம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 8986 காட்டியது, 14 பைட் ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்து எண்ணுகிற பெட்டி. அங்கே 9014 கொடுத்ததும் ஃபுல், அதாவது நெய்பர் உறவு முழுமை.

முனை89:
எம்டியு சரிபார்ப்பையே விட்டுவிடும் எம்டியு-இக்னோர் ஒரு வரி போட்டால் முடிந்தது, இதற்கா இவ்வளவு?
நம்மைச் சுற்றவிட்டது வேறு. ஐபிவி6 மட்டும் உள்ள பெட்டி. கமாண்ட் எல்லாம் வாங்கிக்கொண்டது, ஒரு ஹலோகூட வெளியே வரவில்லை. ஐபிவி6 முகவரி 128 பிட் ஆனாலும், ஓஎஸ்பிஎஃப்வி3 ஒரு ரூட்டரை அடையாளம் காணும் ரூட்டர் ஐடி இன்னும் 32 பிட்தான். ஐபிவி4 முகவரி எதுவும் இல்லாததால் ஐடி எடுக்க வழியில்லை. 10.0.0.1 போல ஒன்றைக் கையால் எழுதணும். அது வெறும் பெயர், பிங் ஆக வேண்டியதில்லை. டெம்ப்ளேட்டை அப்படியே காப்பி அடித்து இரண்டு ரூட்டருக்கும் ஒரே ஐடி வைத்துவிடாதீர்கள்.

கன்சோல்_கேபிள்:
முனை89, அந்த ஒரு வரியை யாருக்கும் சொல்லாதீங்க. இக்னோர் போட்டால் எல்எஸ்ஏ (ரூட்டர்கள் பகிரும் லிங்க் தகவல்) குறைவாக இருக்கும்வரை ஃபுல் காட்டும். அவை குவிந்து ஒரு அப்டேட் 9000ஐத் தொட்டதும் 8986 பக்கம் விழுங்காது. 5 விநாடிக்கு ஒருமுறை அதே பாக்கெட் திரும்பத் திரும்ப வரும். மாற்றம் செய்த அன்று எல்லாம் சரியாக இருக்கும், பல வாரம் கழித்து உடையும். முதலில் அளந்து பாருங்க: லினக்ஸில் பிங்கை துண்டாக்காமல் 8952 பைட்டில் அனுப்பணும். ஐபிவி6 தலைப்பு 40, ஐசிஎம்பிவி6 தலைப்பு 8, கூட்டினால் 9000. லிங்க் 1500 என்றால் 1452.
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். லிங்கின் காஸ்டை (குறைவானதே நல்ல வழி) கணக்கிட உதவும் ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் பல பெட்டிகளில் இன்னும் 100 மெகாபிட். அப்படியே விட்டால் 1 ஜிகாபிட்டும் 10 ஜிகாபிட்டும் காஸ்ட் 1. மாற்றினால் எல்லா ரூட்டரிலும் ஒரே எண்ணாக மாற்றுங்க, பாதியில் விட்டால் போன வழி ஒன்று, வந்த வழி வேறு. ஹலோ வராவிட்டால் நெய்பர் போய்விட்டது என முடிவு செய்யும் டெட் டைமர் 40 விநாடி நீளம் என்று அதை 3க்குக் குறைக்காதீங்க, சிபியு கொஞ்சம் திணறினாலே நெய்பர் விழும். அதற்குப் பதில், லிங்க் உடைந்ததை வேகமாகக் கண்டுபிடிக்கும் பிஎஃப்டி 300 மில்லிவிநாடி, மூன்று முறை தவறினால் விழட்டும்: 0.9 விநாடி. சர்வர் பக்கம் பார்க்கிற இன்டர்ஃபேஸ் எல்லாம் பேசிவ், அங்கே ஹலோ அனுப்ப வேண்டாம்.

மேக்தேடி:
எக்ஸ்டார்ட்டாவது தப்பு இருக்குன்னு சொல்லுது. ஃபுல் காட்டிக்கிட்டே ஏமாற்றியது இது. பாயின்ட்-டு-பாயின்ட் வகை லிங்க். ரூட் டேபிளில் வழி இருக்கு, நெக்ஸ்ட் ஹாப் (அடுத்த ரூட்டரின் முகவரி) எஃப்ஈ80ல் தொடங்குது, ஒரு பாக்கெட்டும் போகலை. ஐபிவி6 முகவரிக்கான மேக் முகவரியை வைத்திருக்கும் நெய்பர் டேபிளில் அந்த முகவரிக்கு எதிரே 'இன்கம்ப்ளீட்', மேக் கிடைக்கவில்லை. உள்வரும் பாக்கெட்டை வடிகட்டும் ஏசிஎல்லின் கடைசியில் லாக் பார்க்க யாரோ 'டினை எனி எனி' (எல்லாவற்றையும் தடு) எழுதியிருக்காங்க. இந்தப் பெட்டியில் எழுதாமலே இருக்கிற மறைமுக பர்மிட் இரண்டு மேக்கைத் தேடும் நெய்பர் டிஸ்கவரியை விட்டுக்கொண்டிருந்தன. கையால் எழுதிய டினை அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. ஓஎஸ்பிஎஃப்பின் எண்ணான புரோட்டோகால் 89க்கு, டினைக்கு மேலேயே பர்மிட் உண்டு. பாயின்ட்-டு-பாயின்ட்டில் ஓஎஸ்பிஎஃப் எஃப்எஃப்02::5 என்ற குழு முகவரிக்கு மல்டிகாஸ்டாகவே பேசும், மேக் தேடவே வேண்டாம், அதனால் ஃபுல். டினைக்கு மேலே என்டி-என்எஸ் (மேக் கேட்பது), என்டி-என்ஏ (அதற்குப் பதில்) இரண்டுக்கும் பர்மிட் கொடுத்ததும் டிராஃபிக் ஓடியது. இதே லிங்க் பிராட்காஸ்ட் வகையாக இருந்திருந்தால் விவரப் பாக்கெட் யூனிகாஸ்டில் (நேராக அந்த ஒரு ரூட்டருக்கே) போக வேண்டியிருக்கும், மேக் தெரியாததால் எக்ஸ்டார்ட்டிலேயே நின்றிருக்கும். அதனால பைட்எண்ணி, எக்ஸ்டார்ட் என்றதும் எம்டியுவை மட்டும் பார்க்காதீங்க, நெய்பர் டேபிளையும் ஒருதரம் பாருங்க.