ஹில்லன்பர்க் போன பிறகு ஸ்பாஞ்ச்பாப்பைத் தொடர்வது சரியா?

ஆழிமகன்:

கடலடியில் வாழும் ஒரு கடற்பஞ்சின் கதையான ‘ஸ்பாஞ்ச்பாப்’ கார்ட்டூன் தொடரை உருவாக்கிய ஸ்டீஃபன் ஹில்லன்பர்க் 2018 நவம்பர் 26 அன்று காலமானார். வயது 57. தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிறுகச் சிறுகச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் அவரைக் கொண்டுபோனது. மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை, தொடரை ஒளிபரப்பும் நிக்கலோடியன் நிறுவனம் இரண்டு கிளைத் தொடர்களை இறக்கிவிட்டது: 2021 மார்ச்சில் ‘கேம்ப் கோரல்’, ஜூலையில் ‘பேட்ரிக் ஸ்டார் ஷோ’. முதல் தொடரில் ஸ்பாஞ்ச்பாப் கோடை முகாமுக்குப் போகும் பத்து வயதுச் சிறுவன்.

இது அவருக்குச் செய்த துரோகம் என்பது என் கட்சி. 1990-களின் பிற்பாதியில் அவர் இந்தத் தொடரை நிக்கலோடியனிடம் கொண்டுபோனபோது, ஸ்பாஞ்ச்பாப்பைப் பள்ளிக்கூடப் பையனாக மாற்றச் சொன்னார்கள். தொடரே வேண்டாம் என்று எழுந்து போகத் தயாராகும் அளவுக்கு அவர் அதை மறுத்தார். வேலைக்குப் போகிற, தனி வீட்டில் வாழ்கிற, ஆனாலும் குழந்தை மனம் மாறாத ஒருவன் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் உயிர். வயதைப் பத்தாக்கிவிட்டால் அந்த வெகுளித்தனத்தில் வியக்க என்ன இருக்கிறது? பத்து வயதில் எல்லோரும் வெகுளிதான்.

இவர்கள் ஒருநாள் ஸ்பாஞ்ச்பாப்பைக் குழந்தையாக்கித் தொடர் எடுக்கக் கேட்பார்கள், அன்றோடு நான் விலகிவிடுவேன் என்று ஹில்லன்பர்க் அடிக்கடி சொல்வாராம். 2004-க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகத் தொடரை நடத்திய பால் டிப்பிட் 2019-ல் இதைப் பகிரங்கமாக எழுதினார். இதைவிடத் தெளிவாக ஒருவர் தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டுப் போக முடியுமா?

வரைபலகை:

ஆழிமகன் அவர்களே, பள்ளிக்கூடக் கதையின் முடிவையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் எழுந்து போய்விடவில்லை. மிஸஸ் பஃப் நடத்தும் படகோட்டும் பள்ளி என்று ஒன்றைத் தொடருக்குள் வைத்தார். பள்ளியும் வந்தது, ஸ்பாஞ்ச்பாப்பும் பெரியவனாகவே இருந்தான். அந்தப் பள்ளி எத்தனை நல்ல கதைகளைத் தந்தது என்று பாருங்கள். நிறுவனம் கொடுத்த நெருக்கடியிலிருந்து பிறந்தது அது.

நான் ஸ்டோரிபோர்டு, அதாவது கதையைக் காட்சி காட்சியாகப் படமாக்கும் பலகை, வரையும் தொழிலில் இருப்பவன். அதனால் என் பார்வை வேறு. தொடர்களில் வழக்கமாக முழு வசனத்தோடு கதை எழுதப்பட்டு, பிறகு படம் வரையப்படும். ஸ்பாஞ்ச்பாப் அப்படி உருவாகவில்லை. எழுத்தாளர்கள் சில பக்கங்களில் கதைச் சுருக்கம் மட்டும் கொடுப்பார்கள். வசனம், நகைச்சுவை, முகபாவம், எந்த நொடியில் நிறுத்தி எந்த நொடியில் சிரிக்க வைப்பது என்பதெல்லாம் ஸ்டோரிபோர்டு கலைஞர்களின் பலகையில்தான் பிறக்கும். படைப்புக் குழுவில் டெரெக் டிரைமன் தொடக்கம் முதலே கூட இருந்தார். குரல் கொடுத்த டாம் கென்னி இல்லாத ஸ்பாஞ்ச்பாப்பை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. அசைவுப் படங்கள் தென் கொரியாவில் வரையப்பட்டன. இத்தனை பேரின் கை பட்ட ஒன்றை ஒருவரின் உயில் போல நடத்துவது மற்றவர்களின் உழைப்பை அழிப்பதாகும்.

இந்த முறையைத் தேர்ந்தெடுத்தவரே ஹில்லன்பர்க்தான். அவர் இயக்குநராக வேலை பார்த்த ‘ராக்கோஸ் மாடர்ன் லைஃப்’ தொடரும் இப்படித்தான் உருவானது. வரைபவனை நம்பு என்பது அங்கே அவர் கற்றது.

ஆழிமகன்:

உழைப்பை யாரும் அழிக்கவில்லை. எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமையைப் பற்றித்தான் கேட்கிறேன். மூன்று பருவங்கள், பிறகு 2004 நவம்பரில் முதல் திரைப்படம், அதோடு கதை முடிகிறது என்று அவர் நினைத்திருந்தார். தொடர் நீண்டால் நீர்த்துப்போகும் என்று அஞ்சினார். நிறுவனத்துக்கு இன்னும் வேண்டியிருந்தது. ஆகவே அவர் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார், தொடர் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் அஞ்சியது நடந்தது. 2010-ல் வந்த ஓர் அத்தியாயத்தில் தன் போட்டியாளன் பிளாங்டனுக்குத் திமிங்கிலம் என்றால் பயம் என்று தெரிந்துகொண்டு, ஸ்பாஞ்ச்பாப்பின் முதலாளி மிஸ்டர் கிராப்ஸ் திமிங்கிலமான தன் மகள் பேர்லைப் போல வேடமிட்டு அவனை விரட்டி விரட்டி வதைக்கிறார். ஒருவன் நடுங்குவதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள். முதல் மூன்று பருவங்களிலும் அடி உண்டு, ஏமாற்று உண்டு. ஆனால் துன்புறுத்துவதில் சுகம் காணும் மனம் இல்லை.

தென்கரை:

இரண்டு பேரும் தொடர் தொடங்கிய 1999-க்குப் பிறகு நடந்ததையே பேசுகிறீர்கள். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைப் பார்க்காமல் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். நான் உயிரியல் ஆசிரியை. இந்த மனிதர் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

ஹில்லன்பர்க் 1961-ல் ஓக்லஹோமாவின் லாட்டன் நகரில் பிறந்து, கலிஃபோர்னியாவின் அனஹைமில் வளர்ந்தார். ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இயற்கை வளத் திட்டமிடல் படித்து 1984-ல் பட்டம் பெற்றார். பிறகு டானா பாயின்ட்டில் உள்ள கடல்சார் கல்வி நிலையத்தில் பிள்ளைகளுக்குக் கடல் உயிர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். அங்கே பாடத்துக்குத் துணையாக, அலை ஏறி இறங்கும் கரைப் பகுதியின் உயிர்களை வைத்து ‘தி இன்டர்டைடல் சோன்’ என்ற சித்திரக்கதைப் புத்தகம் வரைந்தார். அதில் கதை சொல்லும் பாத்திரம் பாப் என்ற கடற்பஞ்சு. உண்மையான கடற்பஞ்சின் கோணல் வடிவம்தான் அப்போது அதற்கு. சமையலறைப் பஞ்சு போன்ற சதுரம் பின்னால் வந்தது. புத்தகத்தை வெளியிடப் பதிப்பகங்கள் முன்வரவில்லை. அவர் ஆசிரியர் வேலையை விட்டு, 1989-ல் கால் ஆர்ட்ஸ் கல்லூரியில் சோதனை அசைவுப்படம் படிக்கச் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்த ‘வர்ம்ஹோல்ஸ்’ என்ற குறும்படம் சார்பியல் கோட்பாட்டைப் பற்றியது! அதன் பிறகு, ‘ராக்கோஸ் மாடர்ன் லைஃப்’ தொடரை உருவாக்கிய ஜோ மர்ரி அவரை ‘ராக்கோ’வுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே எழுத்தாளராக இருந்த மார்ட்டின் ஓல்சன் அந்தப் பழைய கடல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இதைத் தொடராக்கு என்று தூண்டினார்.

கரையோரக் குட்டையில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஓர் ஊரே இருக்கும். பாறையை விட்டு நகராதது ஒன்று, ஓயாமல் அலைவது ஒன்று, பிறர் ஓட்டில் குடியிருப்பது ஒன்று. ஸ்பாஞ்ச்பாப் வாழும் பிகினி பாட்டம் என்ற ஊரும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. உருவத்தில் மிகச் சிறியவனுக்குப் பிளாங்டன் என்று பெயர். அவன் கோபிபாட் என்ற நுண்ணிய ஓடுடைய உயிர். ஸ்பாஞ்ச்பாப்பின் நண்பன் பேட்ரிக் ஒரு நட்சத்திர மீன். நட்சத்திர மீனுக்கு மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டு ஸ்க்விட்வர்ட் ஆக்டோபஸ், ஆனால் ஆறு கால்கள்தான் வரைந்தார்கள். எட்டையும் வரைவதைவிட ஆறு எளிது என்பதால். அறிவியல் தெரிந்தவர் தெரிந்தே அதை மீறும்போது ஓர் அழகு வருகிறது. 2011-ல் மலேசியாவின் சரவாக் காட்டில் கிடைத்த பஞ்சு போன்ற ஒரு காளானுக்கு ஆய்வாளர்கள் ஸ்பாஞ்சிஃபார்மா ஸ்கொயர்பேன்ட்சியை என்று பெயரிட்டார்கள். உயிரியலாளர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே எண்ணினார்கள் என்பதற்கு எனக்கு இது போதும்.

ஆகவே, தொடர் நீளலாமா கூடாதா என்பதைவிட, அந்தக் கடல் அறிவு தொடருக்குள் இன்னும் இருக்கிறதா என்பதே என் கேள்வி. முகாமில் நடக்கிற கதை எந்தக் காட்டிலும் நடக்கலாம். அதற்குக் கடல் எதற்கு?

வரைபலகை:

தென்கரை அக்கா, உங்கள் பதிவை இருமுறை படித்தேன். ஆனால் கடைசி வரியை ஏற்க முடியவில்லை. பழைய அத்தியாயங்களிலும் பாதி எந்த ஊரிலும் நடக்கக்கூடியவைதான். இசையே தெரியாத ஊர்க்காரர்களைச் சேர்த்து ஸ்க்விட்வர்ட் பேண்ட் வாத்தியக் குழு அமைக்கும் 2001-ம் ஆண்டு அத்தியாயத்துக்குக் கடல் தேவையே இல்லை. தொடரிலேயே பலருக்கு மிகப் பிடித்த அத்தியாயம் அது.

ஆழிமகன் அவர்களுக்கு: 2004-ல் விலகியவர் நிர்வாகத் தயாரிப்பாளராகக் கடைசிவரை இருந்தார். டிப்பிட்டைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். 2015-ல் இரண்டாவது திரைப்படம் வந்தபோது அதன் கதையில் அவர் பங்கு இருந்தது. அதன் பிறகு தொடருக்கே திரும்பி வந்தார். 2017 மார்ச்சில் தன் நோயை வெளியில் சொன்னபோதும், முடிந்தவரை வேலை செய்வேன் என்றே அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஸ்பாஞ்ச்பாப் இசை நாடகம் அரங்கேறி, அடுத்த ஆண்டு டோனி நாடக விருதுகளுக்கு 12 பரிந்துரைகளைப் பெற்றது. அதை இயக்கியவர் டினா லாண்டாவ், பாடல்கள் பல இசைக் கலைஞர்களுடையவை. தன் உலகத்தைப் பிறர் தொடவே கூடாது என்று நினைத்தவர் இதற்கெல்லாம் இசைந்திருப்பாரா?

ஆழிமகன்:

இசைந்தார். உயிரோடு இருந்ததால் இசையவும் முடிந்தது, மறுக்கவும் முடிந்தது. அந்த வேறுபாட்டைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னவை எல்லாம் அவர் இருந்தபோது நடந்தவை. அவர் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒன்று மட்டும் அவர் போன பிறகு நடந்தது.

விற்பனைப் பொருட்கள் மட்டுமே 1,300 கோடி டாலர் ஈட்டித் தந்ததாகச் செய்திகள் வந்தன. அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தவரின் ஒரே ஒரு மறுப்பை மதிக்க அந்தப் பணம் போதவில்லையா?

வரைபலகை:

டிப்பிட்டின் வார்த்தையை வைத்து முழு வழக்கையும் நடத்துகிறீர்கள். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வேலைக்கு நடுவே நண்பரிடம் சலித்துக்கொண்டு சொல்வது வேறு, இறுதி விருப்பமாகச் சொல்வது வேறு. கிளைத் தொடர்களில் வேலை செய்தவர்களில் ஹில்லன்பர்க்குடன் பல ஆண்டுகள் தோளோடு தோள் நின்று வரைந்தவர்கள் இருக்கிறார்கள். அதே நடிகர்கள்தான் குரல் கொடுக்கிறார்கள். அவர்களைத் துரோகிகள் என்ற சொல்லுக்குள் அடைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

தென்கரை:

தம்பி, துரோகம் என்ற குற்றச்சாட்டு வரைந்தவர்கள் மேல் இல்லை, வரையச் சொன்னவர்கள் மேல்தான் என்று நான் புரிந்துகொண்டேன். ஆழிமகன், அப்படித்தானே?

ஆழிமகன்:

அப்படியேதான் அம்மா. வரைந்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. வரைபலகை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இருபது ஆண்டுகள் நீங்கள் வளர்த்த ஒரு பாத்திரத்தை எப்படி வரையக்கூடாது என்று உடன் வேலை செய்தவரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதை வாய்ப்பேச்சு என்று ஒதுக்கிவிட்டு அப்படியே வரையச் சொல்லி வேலை வந்தால், நீங்கள் வரைவீர்களா?

வரைபலகை:

வரைவேன். வேறு ஒருவர் கைக்குப் போய்ச் சிதைவதைவிட, அவரை அறிந்த நான் வரைவது நல்லது என்று நினைத்து வரைவேன். அவர்களும் அப்படி நினைத்தே வரைந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.