ஜூபாவில் விலை கேட்டு அலைந்த கதை

தெற்கு சூடானில் நான் போய் இறங்கியது 2012 கடைசியில். நாடு சுதந்திரம் பெற்று ஒன்றரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அங்குள்ள தேசியப் புள்ளிவிவரப் பணியகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஆலோசகர் என்று பதவிப் பெயர், 2017 தொடக்கம் வரை விட்டு விட்டுப் போய்வந்தேன். "சண்டை நடக்கும் நாட்டில் புள்ளிவிவரமா, அங்கே என்ன எண்ணுவீர்கள்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்தப் பணியகம் அந்த நாட்டைவிட மூத்தது. வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரை முடித்த 2005 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு தெற்குக்கென்று தனியாக ஒரு புள்ளிவிவர மையம் இயங்கியது, 2008 ஏப்ரலில் ஒன்றுபட்ட சூடான் முழுக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது தெற்குப் பகுதியை எண்ணியது அவர்கள்தான். நிரப்பிய படிவங்களை வடக்கே தலைநகர் கார்டூமுக்கு அனுப்பாமல் தெற்கிலேயே ரும்பெக் என்ற ஊரில் தனியாக மையம் வைத்துக் கணினியில் ஏற்றினார்கள். இனம், மதம் இரண்டு கேள்வியும் படிவத்தில் இல்லை, அதுவே பெரிய சண்டை. முடிவு வந்தபோது சூடானின் மொத்தம் 3.9 கோடிக்கு மேல், அதில் தெற்கு 82.6 லட்சம், அதாவது 21 சதவீதம். தெற்கு அரசு ஏற்கவே இல்லை, எங்களைக் குறைத்துக் காட்டிவிட்டார்கள் என்றது. சரி, நிராகரித்தாயிற்று. அப்புறம் தனி நாடான பின் மாதிரி ஆய்வுக்கு (எல்லோரையும் எண்ணாமல் சிலரை மட்டும் கேட்பது) கிராமங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மக்கள்தொகையை முன்னோக்கிக் கணிக்க வேண்டும், தடுப்பூசி எத்தனை வேண்டும் என்று சொல்ல வேண்டும் என்றெல்லாம் வந்தபோது எதை எடுத்தோம்? அதே 2008ஐத்தான். வேறு என்ன இருந்தது கையில்!

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு (நானும் அப்படித்தான் போனேன்) பெரிய ஆய்வுகள் மேல்தான் கண். 2009 குடும்ப ஆய்வு மாதிரி. வறுமை 50.6 சதவீதம், எழுத்தறிவு 27 சதவீதம் என்று இன்றுவரை அறிக்கைகளில் வரும் எண்கள் அதிலிருந்து வந்தவைதான். நிதி வரும், வண்டி வரும், பயிற்சி நடக்கும், அறிக்கை அச்சாகும், எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மாதாமாதம் நடந்தது விலை எடுக்கிற வேலை மட்டும்தான். தலைநகர் ஜூபா, வாவ், மலக்கால் என்று மூன்று நகரங்கள், ஒவ்வொன்றிலும் சந்தைக்குப் போய் அதே கடையில் அதே பொருளின் விலையை எழுதிக்கொண்டு வரச் சிலர். பணவீக்கத்தைக் கணக்கிட உதவும் நுகர்வோர் விலைக் குறியீடு அவர்கள் நடையில்தான் நின்றது. எனக்கு இது உறைக்க ஒரு வருடம் பிடித்தது, ஒரு தகர டின்னும் தேவைப்பட்டது.

அங்கே சந்தையில் தானியத்தைக் கிலோவில் விற்பதில்லை. மால்வா என்று ஒரு டின், அதுதான் அளவு. சோளத்துக்கு ஒரு மால்வா சுமார் மூன்றரைக் கிலோ என்பது எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஒரு சமயம் ஜூபாவில் மற்றதெல்லாம் ஏறிக்கொண்டிருக்க சோளம் மட்டும் இரண்டு மாதமாக அசையாமல் நின்றது. விலை எடுப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிட்டார் போலிருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் காலையில் என்னைக் கொன்யோ கொன்யோ சந்தைக்குக் கூட்டிப்போனார். விற்கிற அம்மா, "கவாஜாவையும் கூட்டிவந்தாயா, வரி போடவா?" என்று அவரிடம் கேட்டார் (கவாஜா என்றால் வெளிநாட்டுக்காரன்). இவர் சிரித்துக்கொண்டே ஒரு மால்வா சோளம் வாங்கினார், பையில் கொட்டச் சொன்னார், காலி டின்னை வாங்கி என் கண் முன்னால் கவிழ்த்தார். அடிப்பாகம் உள்நோக்கி நன்றாகக் குழிந்திருந்தது, சுத்தியல் பட்ட தழும்பு வரிசையாகத் தெரிந்தது. அடுத்த கடை டின்னும் அப்படித்தான், அதற்கடுத்ததும். விலை ஏறவில்லை, டின்தான் சிறிதாகிவிட்டது. இதை எழுதப் படிவத்தில் இடமே இல்லை, விலைக்கு ஒரு கட்டம் மட்டும்தான். அந்தப் படிவத்தைத் திருத்தி அமைத்தவன் நான்.

மன்னிப்புக் கேட்டேன், கைத்தராசு வாங்கினோம், எடைக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். சந்தைக்காரர்களுக்குத் தராசைப் பார்த்தாலே கோபம் வரும் என்பதால் வாங்கின பிறகு தள்ளிப் போய் நின்றுதான் நிறுப்பார்கள்.

2013 டிசம்பர் 15 ராத்திரி ஜூபாவில் சண்டை வெடித்தபோது நான் விடுமுறையில் இருந்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. திரும்பிப் போனபோது மலக்கால் பல தடவை கை மாறியிருந்தது, ஊர் என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை, அங்கே விலை எடுத்தவர்களில் ஒருவர் ஐ.நா. பாதுகாப்பு முகாமுக்குள் இருந்தார். முகாமுக்குள்ளும் ஒரு சந்தை முளைத்திருந்தது. அவர் யாரும் கேட்காமலே அங்கே விலை எடுத்துத் தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தார்.

இன்னொன்று, இது அலுவலக வேலை செய்தவர்களுக்குத்தான் புரியும். 2015 அக்டோபரில் ஓர் ஆணை வந்தது, பத்து மாநிலங்கள் இருபத்தெட்டாகின. 2017 ஜனவரியில் முப்பத்திரண்டு. (2020 பிப்ரவரியில் மறுபடி பத்து மாநிலம், மூன்று நிர்வாகப் பகுதி.) ஒவ்வொரு தடவையும் எல்லைக் கோடு எங்கே என்று வரைபடம் கேட்டால் இழுத்தடிப்புத்தான். கிராமத்துக்கு ஒரு அடையாள எண், அது எந்த மாநிலத்தில் என்று முதல் இரண்டு இலக்கம் சொல்லும், அதை மாற்றினால் பழைய தரவோடு ஒட்டாது. உடனே எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றவன் நான்தான். உள்ளூர் சக ஊழியர் ஒருவர் தடுத்தார். "பழைய எண் அப்படியே இருக்கட்டும், அட்டவணையில் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்துப் புது மாநிலத்தின் பெயரைப் போடு, நாளைக்கு இன்னொன்று வந்தால் இன்னொரு பத்தி" என்றார். அவர் சொன்னபடியே செய்தோம், பிழைத்தோம்.

2015 டிசம்பரில் அந்நாட்டு நாணயமான பவுண்டை மிதக்கவிட்டார்கள், அதாவது மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்கு சுமார் மூன்று பவுண்டு என்று இருந்த அதிகாரபூர்வ விகிதம் ஒரே நாளில் பதினெட்டைத் தாண்டியது. 2016 அக்டோபருக்குப் பணியகம் வெளியிட்ட ஆண்டுப் பணவீக்கம் 835.7 சதவீதம். அந்த எண்ணை எந்த அரசுக்கும் பிடிக்காது, ஆனாலும் வெளியே வந்தது. அதைக் கணக்கிட்டவர்களுக்குப் பவுண்டில்தான் சம்பளம். தராசோடு சந்தைக்குப் போன அந்தப் பெண், மாதம் முழுக்க விலை எழுதிவிட்டு, தன் சம்பளத்தில் எத்தனை மால்வா வரும் என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் வகுத்துப் போட்டிருந்ததை ஒரு தடவை பார்த்தேன். அதை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

*

மேலே உள்ள ஜூபாக் கதையை வாசித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஆலோசகரும் இல்லை, புள்ளிவிபரம் படித்தவனும் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) இலங்கையின் வன்னியில் ஒரு கிராமத்துக்குக் கணக்கெடுக்கப் போன ஆசிரியன், அவ்வளவுதான். 1981க்குப் பிறகு முழு இலங்கையையும் எண்ணியது அந்த முறைதான், 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டும்தான் முழுமையாக எடுக்கக்கூடியதாக இருந்தது.

ஒரு வீட்டில் ஓர் அம்மா மூன்று பெயர் சொன்னா. கொஞ்சம் பொறுத்து நாலாவதாக மகனின் பெயரைச் சொன்னா, பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்து நீட்டினா. இப்ப எங்கே இருக்கிறார் என்று கேட்டேன், "வருவான்" என்றா. வழமையாக அந்த வீட்டில் வசிப்பவரைத்தான் எழுத வேண்டும் என்பது எங்களுக்குத் தந்த பயிற்சி, விதியும் அதுதான், பல நாடுகளிலும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு இருக்க அவ என் கையையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு கேட்டா, "நாலு எண்டு போட்டனீங்களோ தம்பி?" நான் தலையாட்டினேன். மூன்று என்றுதான் போட்டிருந்தேன்.

*

நான் இன்னொரு வாசகர். சோமாலியா பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் நான் தரவு சரிபார்க்கும் வேலையில் மட்டும் இருந்தேன். அங்கே முடிவு வெளியான கடைசி முழுக் கணக்கெடுப்பு 1975. 2014இல் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் துணையோடு மாதிரி ஆய்வு வழியாக மதிப்பிட்டபோது 1.23 கோடி என்று வந்தது, அதில் கால்வாசிக்கு மேல் நாடோடிகள். ஒட்டகத்தோடு நகர்கிறவர்களுக்கு வீட்டு எண் ஏது? தண்ணீர் குடிக்க எப்படியும் வருவார்கள் என்று கிணறுகளிலும் குளங்களிலும் போய் எண்ணினார்கள். யோசனை அருமை. தலைவலி என்னவென்றால் ஒரே குடும்பம் இரண்டு கிணற்றில் தண்ணீர் காட்டும். திரையில் பார்க்கும் எனக்கு ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் இரட்டிப்பா, அல்லது இரண்டு வேறு ஆட்களா என்று தெரியாது, அப்பா பெயர், தாத்தா பெயர் சேர்த்துப் பார்த்தாலும் அதே பெயர்கள்தான் ஊர் முழுக்க.

ஜூபா பற்றி எழுதியவரிடம் எனக்கு ஒரு கேள்வி. அந்த மலக்கால் முகாம் விலைகளை என்ன செய்தீர்கள்? விலைக் குறியீட்டில் சேர்த்தீர்களா?

*

ஜூபா பற்றி எழுதியவன்தான் பதில் சொல்கிறேன். சேர்க்கவில்லை. முகாம் சந்தையில் உதவிப் பொருளாக வந்த எண்ணெயும் பருப்பும் விலைக்கு வரும், நகரத்துக் கடையோடு அதை ஒப்பிட முடியாது, முந்தைய மாதத் தொடர்ச்சியும் கிடையாது. இதைத் தொலைபேசியில் முகாமில் இருந்த அந்த விலை எடுப்பவரிடம் நானேதான் விளக்கினேன். புரிகிறது என்றார். அடுத்த மாதமும் கூப்பிட்டு விலை சொன்னார், சோளம், உப்பு, சோப்பு என்று பட்டியல் வரிசை மாறாமல். நானும் எழுதிக்கொண்டேன். ஏழு தாள்கள், தனிக் கோப்பு.